இல்லாத போன் ஏன் தொடையில் அதிர்கிறது?

கேள்வி இதுதான்: "கொஞ்ச நாளாகத் தொடையில் போன் அதிர்ந்த மாதிரி இருக்கும். எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஒருநாள் போன் மேசையில் கிடக்க, வெறும் பொக்கற் அதிர்ந்தது. இரவில் படுத்தால் காலில் ஏதோ ஊருற மாதிரி இருக்கும், லைட்டைப் போட்டால் ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் கொடியில் கிடக்கிற உடுப்பு காய்ந்ததா, ஈரமா என்றுகூடத் தொட்டுச் சொல்லத் தெரியேல்லை. நரம்புத் தளர்ச்சி, டொக்டரிட்டைக் காட்டு என்று அம்மா சொல்லுறா. இது வருத்தமா, இல்லாட்டி என்ரை நினைப்பா?"

இரண்டும் இல்லை. வருத்தம் என்று பயப்படவும் வேண்டாம், நினைப்பு என்று உங்களை நீங்களே ஏசவும் வேண்டாம். நீங்கள் கேட்ட மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம். தோல் மூளைக்கு அனுப்புகிற செய்தி எப்போதும் அரைகுறையானது. இங்கே ஏதோ அழுத்தியது, இங்கே கொஞ்சம் குளிர்ந்தது என்பதற்கு மேல் தோலுக்கு ஒன்றும் தெரியாது. அழுத்தியது போனா, எறும்பா, சாரத்தின் மடிப்பா என்று தீர்ப்பது மூளை. செய்தி முழுதாக வந்து சேரட்டும் என்று அது காத்திருப்பதும் இல்லை. இந்த இடத்தில், இந்த நேரத்தில் எது நடந்திருக்கக்கூடும் என்ற பழைய கணக்கை வைத்து முடிவெடுத்துவிடும். கதிரையில் இருப்பது, பேனா பிடிப்பது, சோறு பிசைவது எல்லாவற்றையும் நாம் இப்படித்தான் உணர்கிறோம். ஊகம் பிழைக்கிற வேளையில் மட்டும் அது ஊகம் என்று தெரியவருகிறது.

நான் உடற்றொழிலியல் படிப்பிக்கிறவன். இந்தக் கேள்வியை மாணவர்களும் கேட்பார்கள், கல்யாண வீட்டில் பக்கத்தில் சாப்பிடுகிறவர்களும் கேட்பார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போன் விஷயத்தில் நீங்கள் தனியாள் இல்லை. 2010இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரியின் மருத்துவ ஊழியர்களிடம், இல்லாத அதிர்வு உங்களுக்கும் தெரிகிறதா என்று கேட்டார்கள். 68 சதவீதமானோர் ஆம் என்றார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒரு தொல்லையாகவே படவில்லை. கருவியை நெடுநேரம் உடம்போடு கொண்டுதிரிகிறவர்களுக்கும், அதை அதிர்வில் வைத்திருக்கிறவர்களுக்கும் இது கூடுதலாக நடந்தது. காரணத்துக்கான துப்பு அங்கேதான் இருக்கிறது.

தொடுகையைப் பொறுத்தவரை தொடை ஒரு மந்தமான இடம். நம்பிக்கை இல்லாவிட்டால் விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்கை உருவுங்கள். நுனிகளை ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் பிடித்து, கண்ணை மூடியிருக்கும் ஒருவரின் விரல் நுனியில் இரண்டும் ஒரே நேரத்தில் படும்படி மெல்லத் தொடுங்கள். இரண்டு என்று உடனே சொல்வார். அதையே தொடையில் செய்தால் ஒன்று என்பார். ஜேர்மனியின் லைப்சிக் நகரில் இருந்த ஏர்ன்ஸ்ட் வேபர் 1830களில் கவராயத்தை வைத்துக்கொண்டு உடம்பு முழுவதையும் இப்படி அளந்தார். விரல் நுனியில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளி போதும். தொடையிலும் முதுகிலும் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் வேண்டும். ஒரு கையின் உள்ளங்கைப் பக்கத்தில் மட்டும் தொடுகையை அறிகிற நரம்பு முனைகள், அதாவது தொடுகை வாங்கிகள், சுமார் 17,000 இருக்கின்றன. மூளையின் வெளிப்படையான மூளைய மேற்பட்டையிலும் விரலுக்கும் உதட்டுக்கும் பெரிய காணி, தொடைக்கு ஒரு சிறு துண்டு. மொன்றியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், விழித்திருந்த நோயாளிகளின் மூளையில் மெல்லிய மின்சாரத்தை வைத்து "எங்கே தெரிகிறது?" என்று கேட்டுக் கேட்டு, 1937இல் இந்தக் காணிப் பங்கீட்டைப் படமாக்கினார்.

ஆக, தொடையிலிருந்து வருவது எப்போதும் மங்கலான செய்தி. காற்சட்டைத் துணி தோலோடு உரசுகிறது. தொடைத் தசையில் ஒரு நார்க்கற்றை தன்பாட்டில் துடிக்கிறது. பருத்தித்துறை பஸ்ஸில் பின் சீற்றில் இருந்தால் எஞ்சினே தொடையில் ஏறிவிடும். இவையெல்லாம் முன்பும் இருந்தவைதான். போன் இல்லாத காலத்தில் மூளை இவற்றைக் கணக்கெடுக்காமல் தள்ளிவிட்டது. இப்போது அந்த இடத்தில் அதிர்வு வந்தால் ஒரு பொருள் உண்டு என்று வருடக்கணக்காகப் பழக்கியிருக்கிறோம். அதுவும் எப்படிப்பட்ட பொருள்! ரொறன்ரோவில் இருக்கிற அண்ணன் வேலை முடிந்து எடுக்கிற கோல், லண்டனில் பிள்ளைப்பேற்றுக்குப் போன தங்கச்சியின் செய்தி. தவறவிட்டால் மனம் கேட்காது. போனை வீணாக ஒருமுறை எடுத்துப் பார்ப்பதால் என்ன நட்டம்? ஒன்றுமில்லை. தவறவிடுவதன் விலை கூடவும் வீணாகப் பார்ப்பதன் விலை குறையவும் இருந்தால், சின்னச் செய்தியும் உள்ளே வரும்படி மூளை வாசலைத் தாழ்த்தி வைத்துவிடும். வளவு நாய் காவோலை விழுந்தாலும் குரைக்கிறதே, அதே கணக்கு. குரைக்காமல் விட்ட ஒரு இரவில் கள்ளன் வந்தால் என்ன செய்வது?

இதற்கு மருந்து கேட்டால், போனை மற்றப் பொக்கற்றுக்கு மாற்றுங்கள், அல்லது அதிர்வை நிறுத்தி மணியில் வையுங்கள். அந்த ஆஸ்பத்திரி ஊழியரிலும் சிலர் இப்படித்தான் அதை நிறுத்தினார்கள். பொக்கற்றை மாற்றினால் பழைய இடத்தில் கொஞ்ச நாள் அதிரும், பிறகு மூளை தானே கணக்கைத் திருத்திவிடும்.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். உங்கள் கையாலேயே தொடையைத் தடவினால் போன் அதிர்கிறது என்று ஒருபோதும் தோன்றாது. கை அசையப் போகிறது என்ற கட்டளை போகும்போதே, அதனால் தோலில் என்ன தெரியவரும் என்று பின்மூளையில் உள்ள மூளி, அதாவது சிறுமூளை, முன்கூட்டியே கணித்து, அந்த அளவைக் கழித்துவிடுகிறது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்ட முடியாததும் இதனால்தான். லண்டனில் சாரா ஜெயின் பிளேக்மோரும் கூட்டாளிகளும் 1990களின் கடைசியில் ஒரு ரொபோவை இடையில் வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு கையால் நீங்கள் கைப்பிடியை அசைக்க, ரொபோ மற்ற உள்ளங்கையில் பஞ்சால் வருடும். அசைவுக்கும் வருடலுக்கும் இடையில் செக்கனில் பத்திலொரு பங்கு, இரண்டு பங்கு என்று தாமதத்தைக் கூட்டிக்கொண்டு போகக் கூசல் வரத் தொடங்கியது. கணிப்பு பொருந்தாவிட்டால் சொந்தக் கையும் பிறத்தியார் கைதான்.

சரி, உடுப்புக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

மனிதத் தோலில் ஈரத்தை அறிகிற வாங்கி என்று ஒன்று இல்லவே இல்லை. கரப்பான் பூச்சிக்கு உணர்கொம்பில் ஈரப்பதனை அறியும் வாங்கி இருக்கிறது. நமக்கு இல்லை. ஆனாலும் ஈரத் துவாயைத் தொட்டவுடன் ஈரம் என்கிறோம். எப்படி? குளிர் வாங்கிகள் "வெப்பம் வேகமாகப் போகிறது" என்கின்றன. தொடுகை வாங்கிகள் "ஒட்டுகிறது, வழுக்குகிறது, இப்படி அழுத்துகிறது" என்கின்றன. இந்த இரண்டும் சேர்ந்து வருவது பெரும்பாலும் தண்ணீர் பட்டால்தான் என்பது குழந்தைப் பருவத்திலிருந்து படித்த பாடம். ஆகவே மூளை இரண்டையும் கூட்டி, ஈரம் என்ற மூன்றாவது உணர்வைத் தானே செய்து தருகிறது.

இதை வீட்டில் சோதிக்கலாம். மெல்லிய இறப்பர் கையுறை ஒன்றைப் போட்டுக்கொண்டு, விடியக் காலையில் கிணற்றில் அள்ளிய தண்ணீர் வாளிக்குள் கையை விடுங்கள். ஒரு சொட்டும் உள்ளே போகாது. கை நனைந்துவிட்டது என்றே தோன்றும். வெளியே எடுத்துக் கையுறையைக் கழற்றிப் பார்த்தால் கை காய்ந்தபடி இருக்கும். இதேபோல ஒரு சோதனையை மடிசன் பென்ட்லி என்ற உளவியலாளர் 1900இல் எழுதி வைத்திருக்கிறார். விரலை மெல்லிய உறைக்குள் வைத்துக் குளிர்ந்த நீரில் விட்டால் ஈரம் தெரிகிறது, ஆகவே ஈரத்துக்கு ஈரம் தேவையில்லை, குளிரும் சீரான அழுத்தமும் போதும் என்றார். அண்மைக் காலத்தில் இங்கிலாந்தின் லஃப்பறோ பல்கலைக்கழகத்தில் டவிடே ஃபிலிஞ்செரி இதைத் திருத்தமாக அளந்தார். முழுக்கக் காய்ந்த, ஆனால் குளிர்ந்த ஒரு பரப்பை முன்னங்கையில் வைத்து, ஈரம் பட்டால் தோல் எந்த வேகத்தில் குளிருமோ அந்த வேகத்தில் குளிரச் செய்தால், ஆட்கள் ஈரம் என்கிறார்கள். மறுபக்கம், உண்மையான ஈரத்தைத் தோலைவிடச் சூடாக்கி வைத்தால் அந்த ஈரம் மங்கிப்போகிறது.

மார்கழி மாதத்துக் கொடியில் நடப்பது இதுதான். வாடைக்காற்று வீசுகிற இரவில் வெளியே கிடந்த சேட் காய்ந்திருந்தாலும் குளிர்ந்திருக்கும். தொட்டவுடன் விரலிலிருந்து சூட்டை இழுக்கும். மழைநாள் என்ற நினைப்பும் கூட இருக்கும். மூளை ஈரம் என்று தீர்ப்பு எழுதிவிடும். பங்குனி வெயிலில் அதே கொடியில் கொஞ்சம் ஈரலிப்போடு கிடக்கிற துணி சூடாக இருப்பதால் காய்ந்தது என்று மடித்து வைப்போம், அலுமாரிக்குள் மணம் வந்த பிறகுதான் விஷயம் தெரியும்.

அப்படியென்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? தொட்ட முதல் கணத்தை நம்பாதீர்கள். துணியின் ஒரு மூலையைப் பொத்திப் பிடித்து அரை நிமிடம் வைத்திருங்கள். காய்ந்த துணி கைச்சூட்டை வாங்கிச் சட்டென்று சூடாகிவிடும். ஈரத் துணி அவ்வளவு கெதியில் சூடாகாது, தண்ணீர் சூடேற நிறைய வெப்பம் தேவை, ஆவியாகும்போதும் வெப்பத்தைக் கொண்டுபோகும். அல்லது இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். அசைத்துத் தொடும்போது ஒட்டுதலும் வழுக்கலும் தெளிவாகத் தெரியும், குளிரை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை. கிழவிகள் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். கன்னம் குளிருக்கு மிகவும் கூர்மையானது என்பது உண்மை, ஆனால் அந்தக் கூர்மையே இங்கே ஏமாற்றும் என்பது என் கருத்து. சண்டைக்கு வராதீர்கள்.

குளிரும் சூடும் வேறு விதங்களிலும் விளையாட்டுக் காட்டும். கோடாலித் தைலத்தை நெற்றியில் பூசினால் குளிர்கிறதே, அதில் உள்ள மென்தோல், குளிரை அறியும் நரம்பு முனையில் இருக்கிற ஒரு புரதத்தைத் திறந்துவிடுகிறது. உண்மையான குளிர் பட்டாலும் திறப்பது அதே புரதம்தான். நரம்பால் போகும் மின் துடிப்பில், அதாவது கணத்தாக்கத்தில், "இது தைலம்" என்று எழுதியிருக்காது. கொச்சிக்காய் அரைத்த கை எரிவதும் அப்படியே, ஏறத்தாழ 43 பாகைக்கு மேலான சூட்டுக்குத் திறக்கும் புரதத்தைக் கொச்சிக்காயின் கப்சைசின் திறக்கிறது. இந்தப் புரதங்களையும் அழுத்தத்தை அறிகிற புரதங்களையும் கண்டுபிடித்ததற்காகத்தான் டேவிட் ஜூலியசுக்கும் ஆர்டம் பட்டபூட்டியனுக்கும் 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இன்னும் விசித்திரமானது, சுவீடனில் டொர்ஸ்டன் துன்பெர்க் 1896இல் காட்டியது. ஏறத்தாழ 20 பாகையிலும் 40 பாகையிலும் உள்ள கம்பிகளை ஒன்றுவிட்டொன்றாக அடுக்கி அதன்மேல் கையை வைத்தால், தனித்தனியே ஒன்றும் செய்யாத குளிரும் இளஞ்சூடும் சேர்ந்து சுடுகிறது. தோல் வேகவில்லை, வலி மட்டும் உண்மை.

பிரிட்ஜ் இருக்கிற வீட்டில் செய்யக்கூடிய ஒன்று: ஒரே அளவான மூன்று நாணயங்கள். இரண்டைப் பிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து, குளிராத ஒன்றை நடுவில் வைத்து மூன்றையும் வரிசையாக அடுக்குங்கள். சுட்டுவிரலும் மோதிரவிரலும் குளிர்ந்த நாணயங்களில், நடுவிரல் நடு நாணயத்தில். நடுவிரலும் குளிரும். இப்போது நடுவிரலை மட்டும் நாணயத்திலிருந்து தூக்குங்கள், அந்தக் குளிர் போய்விடும். குளிர் பக்கத்து விரல்களிலிருந்து வருகிறது. மூன்று விரலும் எதையோ தொடுகின்றன, ஆகவே மூன்றும் ஒரே பொருளைத் தொடுகின்றன போலும் என்று மூளை எடுத்துக்கொண்டு, குளிரை மூன்றுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. நடுவிரல் எதையும் தொடாவிட்டால் பங்கும் இல்லை.

விரல்களை வைத்து அரிஸ்டோட்டில் காலத்திலிருந்தே ஒரு விளையாட்டு உண்டு. நடுவிரலைச் சுட்டுவிரலுக்கு மேலால் போட்டுப் பின்னி, இரண்டு நுனிகளுக்கும் இடையிலான கவட்டில் ஒரு கடலையை வைத்து, கண்ணை மூடி மெல்ல உருட்டுங்கள். இரண்டு கடலை இருக்கும். பின்னாத விரல்களில், இப்போது கடலை படுகிற இரண்டு பக்கங்களும் ஒன்றுக்கொன்று எதிர்ப்புறத்தில், வெளியே பார்த்தபடி இருக்கின்றன. அந்த இரண்டு பக்கங்களையும் ஒரு சிறிய உருண்டை ஒரே நேரத்தில் தொட வழியே இல்லை. விரல் பின்னியிருப்பது உங்களுக்குத் தெரியும், ஆனால் தொடுகையைக் கணக்குப் பார்க்கிற பகுதி பழைய வரைபடத்தையே வைத்திருக்கிறது. அறிவு இருந்தும் உணர்வு மாறாது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட மலிவான சோதனை கிடையாது.

காதும் இதில் தலையிடும். ஃபின்லாந்தில் வெய்க்கோ யூஸ்மாக்கியும் ரீட்டா ஹாரியும் 1998இல் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். ஆட்களை உள்ளங்கைகளை உரசச் சொல்லி, அந்தச் சத்தத்தை மைக்கில் வாங்கி, கீச்சுப் பக்கத்தைக் கூட்டி அவர்களுக்கே ஹெட்போனில் கேட்கவைத்தார்கள். கை காகிதம் போலக் காய்ந்துவிட்டது என்றார்கள்.

இனி, இரவில் காலில் ஊருவது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் கெல்டார்டும் கார்ல் ஷெறிக்கும் 1972இல் வெளியிட்ட சோதனை இதற்கு நேரடியான விளக்கம். மணிக்கட்டுக்குப் பக்கத்தில் சில சிறு தட்டுகள், பிறகு இடைவெளி விடாமல் முழங்கைப் பக்கத்தில் சில தட்டுகள். இடையில் ஒரு தட்டும் இல்லை. கையை நீட்டியவர்களுக்கோ மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு குட்டி முயல் துள்ளிக்கொண்டு போனது போல இருந்தது. அந்த ஏமாற்றுக்கே முயலின் பெயர்தான். தட்டுகள் மெதுவாக வந்தால் முயல் இல்லை, வேகமாக வந்தால் மட்டும் உண்டு. 2007இல் டானியல் கோல்ட்ரைக் இதைக் கணிதமாக எழுதினார். தோலின் மேல் நகரும் பொருட்கள் பெரும்பாலும் மெதுவாகவே நகரும் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. இரண்டு தட்டு மிக வேகமாக, தூரத்தில் வந்தால், அவ்வளவு தூரம் இருக்காது என்று இடங்களைக் கிட்டக் கிட்ட இழுத்து வைக்கிறது. தோலின் செய்தி மங்கல், பொருட்கள் மெதுவாக நகரும் என்ற இந்த இரண்டை வைத்தே முயல் எங்கெங்கே துள்ளும் என்று சரியாகக் கணிக்க முடிந்தது.

இப்போது உங்கள் கட்டிலுக்கு வாருங்கள். காற்றாடி சுழல்கிறது. காலில் இரண்டு இடத்தில் மயிர் அசைகிறது, அல்லது நுளம்பு வலையின் ஓரம் இரண்டு முறை படுகிறது. இருட்டு, ஆகவே கண்ணிடமிருந்து திருத்தம் வராது. வேறு சத்தமோ வேலையோ இல்லை, ஆகவே இந்தச் சிறு செய்தி பெரிதாகத் தெரிகிறது. இரண்டு புள்ளியையும் இணைத்து ஒரு பாதை போட்டுவிடுகிறது மூளை. பாதை இருந்தால் அதில் போகிற ஒன்றும் இருக்கவேண்டும். அது என்ன என்பதை அன்றைய நினைப்பு முடிவுசெய்யும். பின்னேரம் முருங்கையில் மசுக்குட்டி கண்டிருந்தால் மசுக்குட்டி. பேன் பற்றிக் கதைக்கத் தொடங்கினாலே தலை கடிப்பதும் இந்த வகைதான், ஒருவேளை இதை வாசிக்கும்போதே நீங்கள் சொறிந்திருப்பீர்கள்.

ஆனால் இந்த ஊகத்தை முட்டாள்தனம் என்று சொல்ல நான் வரமாட்டேன். நம் பக்கத்தில் நிலத்தில் பாய் போட்டுப் படுப்பவர்களை இரவில் எட்டடி விரியன் கடிப்பது உண்மையாக நடப்பது, அதன் கடி பலவேளை வலிப்பதே இல்லை. வீணாக ஆயிரம் தடவை டோர்ச் அடித்துப் பார்ப்பது, பார்க்காமல் விட்ட ஒரு தடவையைவிட மலிவு. ஆகவே ஊருகிறது என்றால் எழும்பிப் பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் படுங்கள். அதற்காக வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஒரு விலக்கு. ஊருவதோடு காலை அசைத்தே ஆகவேண்டும் என்ற உந்தல் வந்து, அசைத்தால் அல்லது எழும்பி நடந்தால் குறைந்து, படுத்தால் திரும்ப வந்தால், அது வேறு விஷயம். ஓய்வில் இருக்கும்போது கால் அமைதியில்லாமல் தவிக்கிற ஒரு வருத்தம் உண்டு. இரும்புச் சத்துக் குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சிறுநீரக நோயாளருக்கும் கூடுதலாக வரும், வைத்தியமும் உண்டு.

பேய் நெஞ்சில் ஏறி இருந்து அமுக்கியது என்று சொல்வார்களே, அதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுகிறேன். கனவு காணும் நித்திரையில் உடம்பின் தசைகள் செயலற்று இருக்கும், மூச்சை மூச்சுத்தசை தன்பாட்டில் பார்த்துக்கொள்ளும். அந்த நிலை கலையுமுன் விழிப்பு வந்துவிட்டால் அசைய ஏலாது, ஆழமாக மூச்சிழுக்கவும் ஏலாது. ஏன் ஏலாது என்று மூளை காரணம் தேடும்போது நெஞ்சில் ஒரு பாரத்தை வைத்துவிடுகிறது.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு தொடுகையைப் பற்றி எழுதும்போது, கால் இழந்தவர்களை விட்டுவிட்டுப் போக முடியாது. மிதிவெடியில் காலைக் கொடுத்த எத்தனையோ பேர் நம்மிடையே ஜெய்ப்பூர் காலோடு சைக்கிள் ஓடுகிறார்கள், தோட்டம் செய்கிறார்கள். இல்லாத பாதம் கடிக்கிறது, இல்லாத பெருவிரல் மடங்கிக்கொண்டு நிமிர மாட்டேன் என்கிறது என்று அவர்கள் சொன்னால், பலர் அதை மனப்பாதிப்பு என்று கதைப்பதைக் கேட்டிருக்கிறேன். அது பிழை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த வீரர்களைப் பார்த்த சைலஸ் வெயர் மிச்செல் என்ற வைத்தியர் இந்த நிலைக்கு 1871இலேயே பெயர் வைத்துவிட்டார். அங்கம் போனாலும் மூளையில் அதற்குரிய காணி போகவில்லை. துண்டிக்கப்பட்ட நரம்பின் நுனி தாறுமாறாகக் கணத்தாக்கங்களை அனுப்புகிறது. இதுவரை இந்த வழியால் வந்ததெல்லாம் பாதத்திலிருந்து வந்தவை, ஆகவே இதுவும் பாதம்தான் என்று மூளை வாசிக்கிறது. நீங்கள் தொடையில் போனை உணர்வதும் அவர்கள் பாதத்தை உணர்வதும் ஒரே இயந்திரத்தின் வேலை, வலியில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களின் கன்னத்தைத் தொட்டபோது சிலர் இல்லாத விரல்களில் தொடுகை தெரிவதாகச் சொன்னதை 1990களில் எழுதினார். மேற்பட்டையில் கையின் பகுதிக்குப் பக்கத்தில் இருப்பது முகத்தின் பகுதி, அது கையின் இடத்துக்குள் பரவிவிட்டது என்பது அவர் விளக்கம். கையின் பழைய வரைபடம் அப்படியே மிஞ்சியிருக்கிறது என்று பின்னர் டமார் மேக்கின் குழு காட்டியது, ஆகவே அந்த விளக்கம் இன்று வாதத்தில் இருக்கிறது. ராமச்சந்திரனின் கண்ணாடி முறை மட்டும் எளிமையாலேயே நிலைத்துவிட்டது. நிலைக்கண்ணாடி ஒன்றை இரண்டு காலுக்கும் இடையில் நிறுத்தி, இருக்கிற காலின் விம்பம் இல்லாத காலின் இடத்தில் தெரியும்படி வைத்து, மெல்ல அசைத்துப் பார்ப்பது. மடங்கிய பெருவிரல் நிமிர்வதைக் கண் காணும்போது சிலருக்கு வலி இளகுகிறது. எல்லோருக்கும் இல்லை. ஆனால் ஒரு கண்ணாடியைத் தவிர வேறு செலவில்லாத ஒன்றை இயன்மருத்துவரிடம் கேட்டுச் செய்து பார்ப்பதில் நட்டமில்லை.

கடைசியாக அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அம்மாவின் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் இவ்வளவு நேரம் எழுதியது நரம்பு நல்ல நிலையில் இருக்க, மூளையின் ஊகம் பிழைக்கும் சந்தர்ப்பங்கள். நரம்பே பழுதானால் கதை வேறு. எப்படிப் பிரித்தறிவது? ஊகம் வந்து போகும், இடம் மாறும், கண்ணால் பார்த்தவுடன் கரையும். நரம்புப் பழுது ஒரே இடத்தில் நிற்கும், பார்த்தாலும் போகாது. இரண்டு பாதங்களிலும் மேசு போட்டது போல விறைப்பு, ஊசி குத்துவது, இரவில் கூடும் எரிவு என்றால் முதலில் சீனியைப் பாருங்கள். இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மட்டும் விறைத்து, உதறினால் குறைந்தால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது. தோலில் வெளிறிய படை ஒன்று இருந்து அதில் தொட்டாலோ கிள்ளினாலோ தெரியவில்லை என்றால் நாள் கடத்தாமல் தோல் கிளினிக்குக்குப் போங்கள், தொழுநோய் அப்படித்தான் தொடங்கும், மருந்தால் முற்றாக மாறும்.

எல்லாவற்றையும் விட மோசமானது ஒன்றும் தெரியாமல் போவது. எரிவு இருந்தால் ஆள் வைத்தியரிடம் போவார். உணர்வே போனவர் போகமாட்டார். நீரிழிவு உள்ளவர்கள் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் நடு மத்தியானம் சுடுமணலில் வெறுங்காலோடு நிற்கக் கொஞ்சம் யோசிக்க வேண்டும், பாதம் வெந்து கொப்பளித்தது வீட்டுக்கு வந்து கழுவும்போதுதான் கண்ணில் படும். நீரிழிவுக் கிளினிக்கில் 10 கிராம் விசையில் வளையும் ஒரு நைலோன் இழையை வைத்துப் பாதத்தில் இடம் இடமாகத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். ஐந்து நிமிட வேலை, நோகாது. உங்களுக்கு இந்தக் குறிகள் ஒன்றும் இல்லை என்றால் அந்தச் சோதனை தேவையில்லை. அம்மாவுக்குச் சீனி இருந்தால், நீங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.